மாத்திரையை நிறுத்திவிட்டேன், கண் கூச்சம் போகவில்லையே!

“தூக்கத்துக்காக ஆறு வருடம் க்ளோனசிபாம் 0.5 மி.கி. சாப்பிட்டேன். நான்கு மாதத்துக்கு முன்பு ஒரேயடியாக நிறுத்திவிட்டேன். அதிலிருந்து எங்கே பார்த்தாலும் சின்னச் சின்னப் புள்ளிகள் நெளிகின்றன. எதையாவது பார்த்துவிட்டுத் திரும்பினால் அதன் நிழல் கண்ணிலேயே நிற்கிறது. ட்யூப் லைட் வெளிச்சத்தில் இருக்க முடியவில்லை. கண் டாக்டர் எல்லாம் நார்மல் என்கிறார். வீட்டில் பிரமை என்கிறார்கள். கூலிங் கிளாஸோடு இருட்டறையிலேயே கிடக்கிறேன். பார்வை போய்விடுமா, டாக்டர்?” – வாசகி, தஞ்சாவூர்

பார்வை போகாது. பிரமையும் இல்லை. வீட்டில் இருப்பவர்கள் இந்தப் பதிலைப் படிக்கட்டும்.

க்ளோனசிபாம், அல்பிரசோலம், லோரசிபாம், டயசிபாம் எல்லாம் பென்சோடயசிபைன் வகை மருந்துகள். நரம்பு செல்கள் அளவுக்கு மீறித் தூண்டப்படாமல் அடக்கி வைக்கும் ‘காபா’ என்ற வேதிப்பொருள் மூளையில் இருக்கிறது. இந்த மாத்திரைகள் அதன் வேலைக்கு வலுக்கூட்டுகின்றன. வருடக்கணக்கில் இந்தத் துணை கிடைத்தால், மூளை தானாகச் செய்துவந்த அடக்கும் வேலையைத் தளர்த்திக்கொள்ளும். மாத்திரையைத் திடீரென நிறுத்தினால் அது உடனே பழைய நிலைக்கு வராது. சாதாரண வெளிச்சமும் சத்தமும் தூக்கலாகத் தெரிவது அதனால்தான். கண் சரியாகத்தான் வேலை செய்கிறது. அது அனுப்புவதில் தேவையற்றதை வடிகட்டும் இடத்தில்தான் சிக்கல்.

நீங்கள் சொல்லும் புள்ளிகளுக்கு ‘விஷுவல் ஸ்நோ’ என்று பெயர். மூன்று மாதத்துக்கு மேல் நீடித்து, கூடவே பிம்பம் நிற்பது, ஒளிக்கூச்சம், இரவில் பார்வை மங்குவது, கண்ணுக்குள் மிதக்கும் துணுக்குகள் அதிகமாகத் தெரிவது ஆகியவற்றில் குறைந்தது இரண்டு இருந்தால் அதை ஒரு நோய்த்தொகுப்பாகவே நரம்பியல் மருத்துவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். ஒரு கண்ணை மூடிப் பாருங்கள், பிறகு மற்றதை. இரண்டிலும் ஒரே மாதிரி தெரிந்தால் காரணம் பெரும்பாலும் மூளை சார்ந்தது. ஒரு கண்ணில் மட்டும் என்றால் மறுபடியும் கண் மருத்துவரிடம் போக வேண்டும்.

இனி, நீங்கள் முதலில் மாற்ற வேண்டியது இருட்டறையை. நம் கண் இருட்டுக்கு முழுதாகப் பழக அரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். பழகியபின் சாதாரண பல்பு வெளிச்சமே குத்தும். வீட்டுக்குள் நாள் முழுக்கக் கறுப்புக் கண்ணாடி போட்டால் கண் எப்போதும் அந்த நிலையிலேயே நிற்கும். கூச்சம் மாதத்துக்கு மாதம் ஏறும். புள்ளிகளும் இருட்டில்தான் அதிகம் தெரியும். அதற்காக இன்றே கழற்றி எறிய வேண்டாம். காலையும் மாலையும் பத்துப் பத்து நிமிடம், திரை போட்ட ஜன்னலோரம் கண்ணாடி இல்லாமல் உட்காருங்கள். மூன்று நாளைக்கு ஒருமுறை ஐந்து நிமிடம் கூட்டுங்கள். தலைவலி வந்தால் முந்தைய அளவுக்கு இறங்கலாம், இருட்டறைக்குத் திரும்பக் கூடாது. வெளியே வெயிலில் கறுப்புக் கண்ணாடியும் முன்பக்கம் நீண்ட தொப்பியும் தாராளமாகப் போடலாம். வீட்டுக்குள் தேவைப்பட்டால் ‘எஃப்எல்-41’ என்ற ரோஜா நிறப் பூச்சுள்ள கண்ணாடியைக் கேட்டு வாங்குங்கள். கூச்சத்தை அதிகம் தூண்டும் 480 நானோமீட்டரை ஒட்டிய நீலப்பச்சை ஒளியை அது குறைக்கும், அறையை இருட்டாக்காது.

ட்யூப் லைட் மட்டும் குற்றவாளி அல்ல, அதோடு ஃபேனையும் பாருங்கள். விளக்கு ஃபேனுக்கு மேலே இருந்தால் இறக்கைகள் வெளிச்சத்தை வெட்டிக்கொண்டே இருக்கும். மூன்று இறக்கை ஃபேன் நிமிடத்துக்கு 300 சுற்று சுற்றினால் வினாடிக்கு 15 முறை வெட்டு விழும். மூளையை மிகவும் தொந்தரவு செய்யும் வேகங்களில் இதுவும் ஒன்று. விளக்கை ஃபேனுக்குக் கீழே, பக்கச் சுவரில் மாட்டுங்கள். 6500 கெல்வின் வெள்ளை விளக்குக்குப் பதில் பெட்டியில் 2700 அல்லது 3000 என்று போட்ட மஞ்சள் விளக்கு வாங்குங்கள். பெரிய விளக்கு ஒன்றைவிட, சுவரில் பட்டுத் திரும்பும்படி வைத்த இரண்டு சின்ன விளக்குகள் இதமாக இருக்கும். மலிவான எல்.இ.டி. பல்புகள் கண்ணுக்குத் தெரியாமல் வினாடிக்கு 100 முறை துடிக்கும். செல்போனில் ஸ்லோ மோஷனில் பல்பைப் படம் எடுங்கள்; பட்டை பட்டையாக ஓடினால் அந்த பல்ப் உங்களுக்கு ஆகாது.

செல்போனில் ‘டார்க் மோட்’ எல்லோருக்கும் நல்லது என்று நினைக்காதீர்கள். கறுப்பில் வெள்ளை எழுத்தைப் படித்தால் அதன் கோடுகள் கண்ணில் நிற்கும். வெளிர்மஞ்சள் பின்னணியில் கருஞ்சாம்பல் எழுத்து உங்களுக்குப் பொருந்தும். சில போன்களில் வெளிச்சத்தை அடிமட்டத்துக்குக் குறைத்தால் திரை துடிக்கத் தொடங்கும். ஆகவே நடுத்தரமாக வைத்து, அறையிலும் விளக்கு எரியட்டும். திரையைப் பார்க்கும்போது இமைப்பது பாதியாகக் குறைந்து கண் காய்கிறது. காய்ந்த கண் இன்னும் கூசும். ப்ரிசர்வேடிவ் இல்லாத 0.5% கார்பாக்ஸிமெத்தில்செல்லுலோஸ் சொட்டு மருந்து நாளைக்கு நான்கு முறை போடலாம். சிவப்பைப் போக்கும் சொட்டு மருந்துகள் வேண்டாம்.

கூச்சம் தாங்காத நாளில் மீதமிருக்கும் மாத்திரையில் பாதியைப் போட்டுக்கொள்ளும் ஆசை வரும். விட்டு விட்டுப் போட்டால் மூளை ஒவ்வொரு முறையும் ஏறி இறங்கும். மதுவும் அதே வேலையைச் செய்யும். வயிற்றுப்போக்குக்கோ சிறுநீர்த் தொற்றுக்கோ சிப்ரோஃப்ளாக்சசின், ஆஃப்லாக்சசின் எழுதினால், நீங்கள் க்ளோனசிபாம் நிறுத்தியவர் என்று சொல்லி மாற்று மருந்து கேளுங்கள். இவ்வகை ஆன்டிபயாட்டிக்குகள் காபாவின் வேலையில் குறுக்கிடும்.

பெரும்பாலோருக்கு இது மாதக்கணக்கில், அலை அலையாகத்தான் குறையும். பத்து நல்ல நாளுக்குப் பிறகு மூன்று மோசமான நாள் வந்தால் முதலிலிருந்து ஆரம்பித்துவிட்டது என்று பயப்பட வேண்டாம். சிலருக்கு ஒரு வருடத்துக்கு மேலும் போகும். மனம் தளர்ந்தால் 14416 என்ற எண்ணில் ‘டெலி மானஸ்’ என்ற அரசு மனநல உதவி மையத்தோடு எந்த நேரத்திலும் தமிழிலேயே பேசலாம்.

“அப்பா மூன்று வருடமாக அல்பிரசோலம் 0.5 மி.கி. சாப்பிடுகிறார். நாங்களே நிறுத்திவிடலாமா?” – வாசகர், திண்டுக்கல்

கூடாது. திடீரென நிறுத்தினால் வலிப்பே வரலாம். எழுதிக் கொடுத்த மருத்துவரிடம் போய், இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு ஒருமுறை 5 முதல் 10 சதவீதம் வரை குறைக்கும் திட்டம் கேளுங்கள். அல்பிரசோலம் உடலிலிருந்து சீக்கிரம் வெளியேறும் மருந்து. அதனால் மெதுவாக இறங்கும் டயசிபாமுக்கு மாற்றிவிட்டுக் குறைப்பதும் உண்டு. வயதானவர்களுக்குத் தள்ளாட்டம், கீழே விழுதல் வரும் என்பதால் அந்த மாற்றத்தை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். ஒரு படி இறங்கியதும் தொந்தரவு வந்தால் அங்கேயே நின்று, அடுத்த படியைத் தள்ளிப்போடச் சொல்லுங்கள்.

“மனச்சோர்வுக்கான எஸ்சிடலோப்ராம் மாத்திரையை நிறுத்தி இரண்டு வாரம் ஆகிறது. நேற்றிலிருந்து வலது கண்ணின் ஓரத்தில் மின்னல் வெட்டுகிறது, கறுப்புத் துணுக்குகள் கொட்டுகின்றன. இதுவும் அதனாலா?” – வாசகர், நாகர்கோவில்

இதை மாத்திரையின் கணக்கில் எழுதாதீர்கள். ஒரே கண்ணில் திடீரென மின்னலும் துணுக்குகளும் சேர்ந்து வந்தால் விழித்திரை கிழிந்திருக்கலாம். பக்கவாட்டில் திரை இறங்குவதுபோல் மறைத்தால் விழித்திரை பிரிந்துகொண்டிருக்கலாம். இன்றே, விழித்திரையைச் சோதிக்கும் வசதியுள்ள கண் மருத்துவமனைக்குப் போங்கள். கண் பாப்பாவை விரிக்கும் சொட்டு மருந்து போட்டுப் பார்ப்பார்கள். அதன்பின் நான்கைந்து மணி நேரம் பார்வை மங்கலாக இருக்கும். வண்டியை நீங்கள் ஓட்டாமல் யாரையாவது கூட்டிப்போங்கள்.