ஏற்றத்தில் கொதிக்குது, இறக்கத்தில் பிரேக் இல்லை: பழைய வாகனக் கேள்வி–பதில்

கேள்வி: என்னிடம் இருப்பது கொரோலா டீஎக்ஸ் வேகன், 4கே எஞ்சின். கொழும்பிலிருந்து வரும்போது கித்துல்கல வரை வெப்பமானி ஊசி நடுவில் நிற்கிறது. கினிகத்தேனை ஏற்றம் தொடங்கியதும் மேலே ஏறிவிடுகிறது. தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்தும் குறையவில்லை. எஞ்சினின் மேல்மூடியான ஹெட்டைக் கழற்ற வேண்டும் என்கிறார் கராஜ் பாஸ். கழற்றலாமா? (வாசகர், ஹட்டன்)

பதில்: பொறுங்கள். ஹெட்டைக் கழற்றுவதற்கு முன் ஐந்து நிமிடச் சோதனை ஒன்று இருக்கிறது. காலையில் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறந்து, கழுத்து வரை தண்ணீர் ஊற்றி, ஸ்டார்ட் செய்து பாருங்கள். முதலில் வரும் ஒன்றிரண்டு குமிழிகள் உள்ளே சிக்கிய காற்று, அவை கணக்கில்லை. குமிழி நிற்காமல் வந்துகொண்டே இருந்து, அக்சிலேட்டரைக் கூட்டும்போது அதுவும் கூடினால் ஹெட்டுக்கு அடியிலுள்ள கேஸ்கட் போய்விட்டது, பாஸ் சொல்வது சரி. குமிழி இல்லையென்றால் ஹெட்டை விட்டுவிட்டு ரேடியேட்டரைப் பாருங்கள்.

சமதரையில் ஊசி நடுவில் நின்று, ஏற்றத்தில் மட்டும் சூடேறுவது பெரும்பாலும் ரேடியேட்டர் குழாய்கள் துருவாலும் உப்பாலும் அடைபட்டதன் அடையாளம். வண்டியை ஓட்டிச் சூடாக்கி, எஞ்சினை நிறுத்தி, காற்றாடி நின்ற பிறகு ரேடியேட்டரின் முகத்தைப் புறங்கையால் மெதுவாகத் தடவிப் பாருங்கள். சூட்டுக்கு நடுவே குளிர்ந்த பட்டை தட்டுப்பட்டால் அந்த வரிசையில் தண்ணீர் ஓடவில்லை. உங்களுடையது செம்பு–பித்தளை ரேடியேட்டராக இருந்தால் ஈயம் பற்றவைக்கும் கடையில் மேல் தொட்டியைப் பிரித்து, குழாய் குழாயாகக் கம்பி விட்டுத் துப்புரவு செய்து தருவார்கள். பழைய ரேடியேட்டர் தேடி அலைய வேண்டாம். பழைய சாமான் யாட்டில் கிடப்பதற்கும் அதே வயதுதான், அதே துருதான். வாங்கியே ஆக வேண்டுமானால் கீழ்வாயை உள்ளங்கையால் அடைத்து மேலே தண்ணீர் நிரப்பிக் கையை எடுங்கள். தண்ணீர் தபதபவெனக் கொட்ட வேண்டும். நூலாக வந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

ரேடியேட்டர் மூடியையும் பாருங்கள். அது தாங்கும் அழுத்தம் அதில் 0.9 என்று பொறித்திருக்கும். அந்த அழுத்தம் இருக்கும்வரை தண்ணீர் கொதிக்கும் வெப்பநிலை ஏறத்தாழ 20 பாகை கூடும். ஹட்டன் உயரத்தில் திறந்த தண்ணீர் 96 பாகையிலேயே கொதித்துவிடும். அதனால் ரப்பர் வெடித்த மூடியோடு கொழும்பில் தப்பிக்கும் வண்டி இங்கே ஆவி விடும். மூடியைப் புதிதாகவே வாங்குங்கள். கீழ் ஹோஸ் பிசுபிசுவென இளகியிருந்தால் அதையும் மாற்றுங்கள். அக்சிலேட்டரைக் கூட்டும்போது உறிஞ்சலில் அது தட்டையாகித் தண்ணீரை மறிக்கும்.

இக்னிஷன் டைமிங், அதாவது பிளக்கில் பொறி விழும் நேரம், பின்தங்கினாலும் ஏற்றத்தில் சூடேறும். பிளக்குகளுக்குக் கரண்டைப் பகிரும் டிஸ்ட்ரிபியூட்டரில் அந்த நேரத்தை முன்தள்ளும் வெற்றிடக் குழாயைக் கார்புரேட்டர் பக்கத்தில் கழற்றி, வாயால் உறிஞ்சி, நுனியை நாக்கால் அடையுங்கள். குழாய் நாக்கில் ஒட்டி நிற்க வேண்டும். நிற்காமல் காற்று வந்தால் குழாயோ உள்ளேயுள்ள சவ்வோ கிழிந்திருக்கிறது.

கழற்றி எறிந்த தெர்மோஸ்டாட்டுக்கு, அதாவது சூடானதும் திறந்து தண்ணீரை ரேடியேட்டருக்கு விடும் வால்வுக்கு, பதில் ஒன்று போடுங்கள். அது இல்லாமல் மலைக்குளிரில் எஞ்சின் சூட்டுக்கு வரவே வராது. பெட்ரோல் கூடும், சிலிண்டரும் தேயும். 82 பாகை என்று பொறித்ததைச் சட்டித் தண்ணீரில் போட்டுக் கொதிக்கவைத்துச் சோதிக்கும்போது ஒன்றை மறக்காதீர்கள்: 82இல் திறக்கத் தொடங்கும், முழுதாக 8 மி.மீ. திறக்க 95 வேண்டும். நுவரெலியாவில் சட்டித் தண்ணீர் 94ஐத் தாண்டாது. முழுதாகத் திறக்கவில்லை என்று நல்ல சாமானைக் குப்பையில் போட்டவர்கள் அங்கே இருப்பார்கள்.

கேள்வி: பஞ்சிகாவத்தையில் வாங்கிய ரீகண்டிஷன் ஸ்டார்ட்டர் மோட்டர் ஒரே வாரத்தில் நின்றுவிட்டது. எதைப் பழையதாக வாங்கலாம், எதை வாங்கக்கூடாது? (வாசகர், நாவலப்பிட்டி)

பதில்: முதலில் அந்தச் சொல்லைப் பற்றி. நம் நாட்டில் ரீகண்டிஷன் என்றால் பெரும்பாலும் ஜப்பான் வண்டியிலிருந்து கழற்றியது என்றுதான் பொருள். யாரும் அதைத் திறந்து சீர்செய்திருக்க மாட்டார்கள். அந்த வேலை உங்களுடையது.

போகும்போது பழைய சாமானைக் கையோடு கொண்டுபோங்கள். படம் மட்டும் போதாது. ஸ்டார்ட்டர் என்றால் பினியனின், அதாவது முனையிலுள்ள சிறு பற்சக்கரத்தின், பற்களை எண்ணுங்கள், போல்ட் துளைகளின் இடைவெளியை இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கடையில் பெட்டரி கேட்டு, மோட்டரைக் காலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, கேபிள் கொடுக்கச் சொல்லுங்கள். பினியன் வெளியே பாய்ந்து சுற்றி, கரண்டை எடுத்ததும் உள்ளே திரும்ப வேண்டும். பிறகு தண்டைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் தண்டைத் தாங்கும் புஷ் தேய்ந்தது. புஷ்ஷும் கார்பன் பிரஷ்ஷும் புதிதாகக் கிடைக்கும், விலையும் அதிகமில்லை. அதைச் சொல்லி விலையைக் குறைத்து வாங்கலாம். ஆனால் பிரஷ் உரசும் செம்புப் பகுதி கருகிப் பள்ளமாகியிருந்தால் இனாமாகவும் வேண்டாம். உங்கள் மோட்டர் நின்றதும் பெரும்பாலும் பிரஷ் தேய்ந்துதான். எறியாமல் திறந்து பாருங்கள்.

பொதுவாக இரும்பு வார்ப்பு, கண்ணாடி, கதவு, பூட்டு, கண்ணாடி ஏற்றும் பொறி, விளக்குக் கூடு ஆகியவற்றைப் பழைய ஒரிஜினலாக வாங்குவதே மேல். புதிய நகல் பூட்டு பல சமயம் கதவில் சரியாக உட்காராது. ரப்பர், சீல், ஹோஸ், பெல்ட், பிரேக் லைனிங் எல்லாம் புதிதாகத்தான். பில்லில் சாமானின் பெயர், திகதி, பொருத்திப் பார்த்து மாற்றித் தருவார்களா என்பது மூன்றையும் எழுதி வாங்குங்கள். மின்சாமானுக்குப் பல கடைகள் மாற்றித் தருவதில்லை. நாவலப்பிட்டியிலிருந்து இன்னொரு தடவை போய்வர ஒரு நாள் கூலியும் போகும் என்பதையும் விலையோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: மொரிஸ் மைனர் 1000. ஓடும்போது பெட்ரோல் நின்றுவிடுகிறது. பொனட்டைத் திறந்து பம்பை ஸ்பானரால் தட்டினால் மறுபடி ஓடுகிறது. பழைய பம்ப் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. (வாசகர், கம்பளை)

பதில்: தட்டினால் ஓடும் பம்பில் குறை, கரண்டைத் தொட்டு விடும் பொயின்டில்தான். பெட்டரி வயரைக் கழற்றிவிட்டு எஸ்யூ பம்பின் கருப்பு மூடியைத் திறவுங்கள். பொயின்டுகளுக்கு நடுவே மெல்லிய எமரித் தாளின் துண்டைச் செருகி இழுத்து, பிறகு வெறும் கடதாசியை இழுத்துத் துடையுங்கள். பள்ளம் விழுந்திருந்தால் பொயின்ட் செட் மாற்ற வேண்டும். எர்த் வயரின் முனையைச் சுரண்டி இறுக்குங்கள். அடியிலுள்ள பித்தளை மூடியைக் கழற்றினால் வலைச் சல்லடை இருக்கும், அதையும் கழுவுங்கள்.

விலைக்கு வந்த பம்பை வாங்குமுன் 12 வோல்ட் கொடுத்து, உறிஞ்சும் குழாயைப் பெட்ரோல் போத்தலில் விடுங்கள். முதலில் படபடவென அடித்து, பெட்ரோல் ஏறியதும் நிதானமாக அடிக்கும். வெளிவாயை விரலால் அடைத்தால் நின்றுவிட வேண்டும். 15 விநாடிக்குள் மறுபடி தட்டினால் உள் வால்வு கசிகிறது. உங்கள் வண்டி பொசிட்டிவ் எர்த், அதாவது பெட்டரியின் பொசிட்டிவ் முனை பாடியோடு இணைந்தது, என்பதை நினைவில் வையுங்கள். பொயின்ட் உள்ள பழைய பம்புக்கு அது பொருட்டில்லை. எலெக்ட்ரோனிக் பம்புக்கு வயரை மாற்றிக் கொடுத்தால் புகைந்துவிடும்.

கேள்வி: பனிமூட்டமான காலையில் ஸ்டார்ட்டர் நன்றாகச் சுற்றுகிறது, எஞ்சின் பிடிப்பதில்லை. வெயில் வந்தால் ஒரே தடவையில் பிடிக்கிறது. (வாசகர், நுவரெலியா)

பதில்: ஈரம். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றி உள்ளும் வெளியும் உலர்ந்த துணியால் துடைத்துவிட்டு முயலுங்கள். பிடித்துவிட்டால் மூடியை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பாருங்கள். பென்சில் கீறல் போல் மெல்லிய கருங்கோடு தெரிந்தால் கரண்ட் அந்த வழியே ஒழுகுகிறது. துடைத்துப் பயனில்லை, மாற்றுங்கள். இருட்டில் எஞ்சினை ஓடவிட்டு பிளக் வயர்கள்மேல் தண்ணீரைப் பனிபோல் தெளித்தால் ஒழுகும் இடத்தில் நீலப்பொறி தெரியும். கையை எட்ட வைத்துக்கொள்ளுங்கள். டிஸ்ட்ரிபியூட்டருக்குள் உள்ள பொயின்டின் இடைவெளியையும் பாருங்கள், ஜப்பான் வண்டிகளில் பெரும்பாலும் 0.45 மி.மீ. இரவில் எஞ்சின்மேல் சாக்குப் போடுவது சிலர் வழக்கம். காலையில் எடுக்க மறந்தால் சாக்கு எரியும்.

கேள்வி: ஹப்புத்தளையிலிருந்து பெரகல இறங்கி வரும்போது பிரேக் பெடல் பஞ்சு போலாகித் தரை வரை போனது. அரை மணி நேரம் நின்றதும் சரியாகிவிட்டது. லைனிங் புதியது. (வாசகர், பண்டாரவளை)

பதில்: லைனிங் அல்ல, பிரேக் எண்ணெய் கொதித்திருக்கிறது. பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். டொட் 3 என்ற தர எண்ணெய் புதிதாக இருக்கும்போது கொதிநிலை குறைந்தது 205 பாகை; ஈரம் ஏறியபின் 140 வரை இறங்கலாம். கொதித்தால் குழாயில் ஆவி, ஆவியை அழுத்தினால் பெடல் பஞ்சு. குளிர்ந்ததும் சரியானது போல் தெரிவதை நம்பி ஓட்டாதீர்கள். முழுவதையும் வெளியேற்றி டொட் 4 ஊற்றுங்கள், இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுங்கள். பிரேக் குழாயிலிருந்து காற்றெடுக்கும்போது, பெடல் தள்ளும் மாஸ்டர் சிலிண்டருக்குத் தூரமான பின் இடது சக்கரத்தில் தொடங்குங்கள். திறந்து வைத்த பழைய டின் வேண்டாம். ஏறும்போது எந்தக் கியரோ இறங்கும்போதும் அதே கியர்.

கேள்வி: கொரோலா 110இன் அலோய் ரிம் நான்கு மலிவாக வந்திருக்கிறது. என் பழைய கொரோலா கேஈ70க்குப் போடலாமா? (வாசகர், பதுளை)

பதில்: ஏறாது. 110இல் நான்கு போல்ட் துளைகளின் வட்டத்தின் விட்டம் 100 மி.மீ., உங்களுடையது 114.3. துளையை அரத்தால் அகட்டித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் அந்தக் கடைக்கு இனிப் போகாதீர்கள்.