சிம் ஸ்வாப் மோசடி என்றால் என்ன? நம்பரை எப்படிக் காப்பாற்றுவது?

உங்கள் நம்பருக்கே, உங்கள் பெயரைச் சொல்லி வேறொருவன் புது சிம் வாங்கிவிடுவதுதான் சிம் ஸ்வாப். வங்கிக்கு உங்கள் முகம் தெரியாது, நம்பர்தான் தெரியும். அதனால் புது சிம் வேலை செய்யத் தொடங்கியதும் வங்கி ஓடிபி முதல் கேஸ் சிலிண்டர் டெலிவரி கோடு வரை அவனுக்கே போகும். வீட்டுக்காரர் நான்தான் என்று சொல்லி ஒருவன் பூட்டையே மாற்றிவிட்டால் உங்கள் சாவி திறக்காதல்லவா, அதேதான்.

ஆதார் ஜெராக்ஸ் கொடுக்கும்போது எதற்காக என்று தேதியோடு அதன் மேலேயே எழுதுங்கள். சிம் அட்டையின் பின்னால் உள்ள நீண்ட எண்ணைப் போனில் யாருக்கும் படித்துக் காட்டாதீர்கள். பக்கத்தில் இருப்பவர்களுக்கு டவர் இருந்து, உங்கள் போனில் மட்டும் ‘நோ சர்வீஸ்’ என்றே நின்றால், தயவுசெய்து காலைவரை காத்திருக்க வேண்டாம். வேறு போனிலிருந்து சிம் கம்பெனியையும் வங்கியையும் அழையுங்கள். பணம் போயிருந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-ஐ அழையுங்கள்.

ஓடிபியை யாரிடமும் சொல்லாவிட்டால் போதும் என்று பலர் நம்புகிறார்கள். சிம் மாறிவிட்ட பிறகு அவன் உங்களிடம் ஓடிபி கேட்க வேண்டியதே இல்லை.