வேட்டைக்குச் சைக்கிளில் போகிறீர்களா? திரும்பும் பாரத்தை முதலில் யோசியுங்கள்

கேள்வி: உரிமம் எடுத்து மான் வேட்டைக்குப் போகிறேன். கார் போகாத காட்டுத் தடத்தில் 12 கிலோமீட்டர் சைக்கிளில் போய், ஒரு இரவு தங்கித் திரும்பத் திட்டம். சாமான்களை எப்படிக் கட்டுவது? ரிப்பேருக்கு என்னென்ன வேண்டும்?

பதில்: அந்தத் தடத்தில் சைக்கிளுக்கு அனுமதி உண்டா என்று முதலில் கேட்டுவிடுங்கள். நடந்து போகலாம், சைக்கிள் கூடாது என்று சொல்லும் காடுகள் உண்டு.

சரி, பாரத்துக்கு வருவோம். போகும்போது கட்டுவதை வைத்துத்தான் எல்லோரும் கணக்குப் போடுகிறார்கள். நடுத்தர மான் கிடைத்தால் எலும்பு நீக்கிய இறைச்சியே 20, 25 கிலோ கூடும். பின் கேரியர்கள் பலவும் 25 கிலோ வரைதான் தாங்கும். எவ்வளவு என்பது அதன் மேலேயே பொறித்திருக்கும். கூடாரமும் இறைச்சியும் ஒரே கேரியரில் என்றால் கம்பி முறியும். அதனால் இரண்டு நடையாகக் கொண்டு வாருங்கள். இல்லையென்றால் பின்னால் இழுத்துவரும் டிரெய்லர் கட்டுங்கள். ஒற்றையடிப் பாதைக்கு ஒற்றைச் சக்கர டிரெய்லர்தான் சரி. ஏற்றத்தில் இறங்கித் தள்ளுவதில் வெட்கமே வேண்டாம்.

கனமானவை கீழே, நடுவில்: தண்ணீர், தோட்டா, கருவிகள் எல்லாம் ஃபிரேமின் முக்கோணப் பைக்குள். ஹேண்டில்பாரில் படுத்துத் தூங்கும் பை (ஸ்லீப்பிங் பேக்) மட்டும். துப்பாக்கியில் குண்டு இருக்கவே கூடாது. உறையில் போட்டு ஃபிரேமை ஒட்டி நீளவாக்கில் கட்டுங்கள். ஹேண்டில்பாரில் குறுக்கே வைத்தால் முதல் புதரே உங்களைக் கீழே தள்ளும். முதுகில் மாட்டுவோர் உண்டு, எனக்குப் பிடிக்காது. விழுந்தால் அடி நேராக முதுகெலும்பில்.

சத்தம் இன்னொரு தொல்லை. கருவிகளைப் பழைய டியூப் துண்டில் சுருட்டிக் கட்டுங்கள். எல்லாம் கட்டி முடித்தபின் சைக்கிளை ஒரு சாண் தூக்கிக் கீழே போட்டுப் பாருங்கள். ‘கிளுக்’ என்று உங்களுக்குக் கேட்டால் மானுக்கும் கேட்கும்.

ரிப்பேரில் முதல் எதிரி முள். டியூப்லெஸ் டயரில் சீலன்ட் என்னும் ஓட்டை அடைக்கும் திரவம் ஊற்றியிருந்தால் சிறிய ஓட்டைகள் தானே அடையும். பெரியதுக்கு, ஓட்டையில் திணிக்கும் ரப்பர் திரி. அப்படியும் ஒரு டியூப் எடுங்கள். ஆனால் டியூப் போடும் முன் டயரின் உட்புறம் முழுக்கத் துணியால் துடைத்து, துணி மாட்டும் இடத்திலெல்லாம் முள்ளைப் பிடுங்குங்கள். சீலன்ட் அடைத்து வைத்திருந்த பழைய முட்கள் புது டியூபை ஒரே நிமிடத்தில் குத்திவிடும். டயர் கிழிந்தால் உள்ளே வைக்கப் பழைய டயரில் விரல் நீளத் துண்டு போதும்.

அடுத்தது, பின் கியர் தொங்கும் ஹேங்கர். பாரத்தோடு சைக்கிள் வலப்பக்கம் சாய்ந்தால் வளைவது இதுதான். மாடலுக்கு மாடல் வேறு என்பதால் உங்கள் சைக்கிளுக்கு உரியதையே வாங்கி வையுங்கள். செயின் கட்டரும், உங்கள் கியர் எண்ணிக்கைக்குப் பொருந்தும் செயினை மறுபடி சேர்க்கும் இரண்டு இணைப்புக் கண்ணிகளும் இருந்தால், கியரே போனாலும் செயினைச் சுருக்கி ஒரே பல்சக்கரத்தில் ஓட்டி வந்துவிடலாம். பின் சஸ்பென்ஷன் இருந்தால் இது சரிப்படாது.

அப்புறம் 4, 5, 6 மி.மீ. அலென் கீ, டி25 (நட்சத்திர முனை) சாவி, கேரியர் போல்ட் இரண்டு, கொஞ்சம் பிளாஸ்டிக் டை, பம்பிலேயே சுற்றிய டேப். எல்லாம் ஒன்றாக மடங்கும் மடக்குச் சாவி என்றால் கேரியர் போல்ட் வரை எட்டுகிறதா என்று வீட்டிலேயே திருகிப் பாருங்கள்; எட்டாமல் போவது சகஜம்.

பிரேக் பேட் ஒரு ஜோடி கட்டாயம். பாரத்தோடு சேற்று இறக்கத்தில் அவை வேகமாகத் தேயும். டிஸ்க் பிரேக் என்றால், மான் அறுத்த கையோடு அந்த டிஸ்க்கைத் தொடாதீர்கள். கொழுப்பு பட்டால் பிரேக் கத்துமே தவிரப் பிடிக்காது. இறைச்சியைப் பருத்திப் பையில் நிழலில் தொங்கவிட்டு நன்றாக ஆறிய பிறகே கட்டுங்கள். சூட்டோடு பிளாஸ்டிக்கில் அடைத்தால் கெட்டுப்போகும்.