2019-20 பயத்லான் (பனிச்சறுக்கு ஓட்டமும் துப்பாக்கி சுடுதலும் சேர்ந்த விளையாட்டு) உலகக் கோப்பையில் நான்கு பந்தயங்களுக்கு வராத நோர்வேயின் யொஹான்னஸ் போவுக்குச் சாம்பியன் பட்டம் கிடைத்தது பிரான்சின் மார்ட்டின் ஃபூர்காட்டுக்குச் செய்த அநியாயம் இல்லையா?

இல்லை. நீங்கள் இறுதிப் புள்ளிப் பட்டியலை மட்டும் பார்த்துவிட்டுக் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். போவுக்கு 913, ஃபூர்காட்டுக்கு 911. அதைப் பார்த்தால் யாருக்கும் மனம் பொறுக்காது, எனக்கும் பொறுக்கவில்லை. ஒஸ்லோவில் இருப்பதால் நோர்வேக்காரனுக்கு வக்காலத்து வாங்குகிறேன் என்று யாராவது எழுத வருவார்கள். அவர்களுக்கு முன்கூட்டியே சொல்கிறேன், நான் ஃபூர்காட் ரசிகன். 2012 முதல் 2018 வரை தொடர்ந்து ஏழு முறை சாம்பியனானவர். மூச்சு வாங்க ஓடி வந்து, முதுகுத் துப்பாக்கியை எடுத்து, 50 மீட்டருக்கு அப்பால் உள்ள ஐந்து குறிகளையும் அவர் பதறாமல் விழுத்தும் அழகுக்காகத்தான் இந்த விளையாட்டையே பார்க்கத் தொடங்கினேன்.

கணக்கைப் பாருங்கள். அந்த சீசனில் ஆண்களுக்கு 21 தனிநபர் ஓட்டங்கள் நடந்தன. ஒவ்வொருவருக்கும் மிக மோசமான இரண்டு முடிவுகளைக் கழித்துவிடுவார்கள். மகன் பிறந்த ஜனவரியில் போ ஓபர்ஹோஃப், ரூபோல்டிங் இரண்டு ஊர்களுக்கும் போகவில்லை. நான்கு பூச்சியம். விதி அதில் இரண்டைத்தான் கழித்தது, மற்ற இரண்டும் அவர் கணக்கிலேயே நின்றன. அதாவது ஃபூர்காட்டின் சிறந்த 19 ஓட்டங்களுக்கு எதிராக இவர் 17 ஓட்டங்களை வைத்து வென்றார். சலுகை யாருக்கு?

எனக்கு இது ஏன் சுடுகிறது என்றால், மகள் பிறந்தபோது நானும் அப்பா லீவு எடுத்தவன். நோர்வேயில் 1993இலிருந்தே தகப்பனுக்கென்று தனியாக ஒதுக்கிய விடுப்பு இருக்கிறது. மனைவிக்கு அறுவைச் சிகிச்சைப் பிரசவம், பிள்ளையைத் தூக்கவே சிரமப்பட்டா. நான் வீட்டில் நின்றேன். திரும்பிப் போனால், நான் தொடங்கிய வேலை இன்னொருவர் கையில். "நீங்கள் இங்கே இருக்கவில்லையே" என்றார் மேலாளர். அந்த வருடச் சம்பளப் பேச்சிலும் அதே பதில்தான். சட்டத்தில் உரிமை இருக்கிறது, சரி, அதை எடுத்தவனை எப்படி அளப்பது என்பது சட்டத்தில் இல்லை. எல்லா நிறுவனமும் இப்படி என்று நான் சொல்லவரவில்லை, நல்ல இடங்களும் இருக்கின்றன.

ஊரிலிருந்து மாமி தொலைபேசியில், "பிள்ளை பார்க்கத் தாய் இருக்கிறா தானே தம்பி, நீ ஏன் வேலைக்குப் போகாமல் நிக்கிறாய்?" என்றா. ஆறுதலுக்கு எடுத்தவ அதைத்தான் கேட்டா. அது இன்னும் எனக்குள் இருக்கிறது.

அப்புறம் அந்தக் கடைசி ஓட்டம். 2020 மார்ச் 14, பின்லாந்தின் கொன்டியொலாத்தி. கொரோனாவால் ஒஸ்லோ ஹோல்மென்கொல்லன் இறுதிச் சுற்று ரத்தாகிவிட்டது, பார்வையாளர் இல்லை. இதோடு ஓய்வு என்று ஃபூர்காட் முந்தைய நாளே அறிவித்திருந்தார். வென்றும் காட்டினார். முதல் மூன்று இடமும் பிரான்சுக்கு, போ நான்காவது. நான்காம் இடத்துக்கு 43 புள்ளி, ஐந்தாம் இடத்துக்கு 40. ஓரிடம் பின்னால் வந்திருந்தால் 910, பட்டம் ஃபூர்காட்டுக்கு. என் ஆள் தன் கடைசி நாளில் செய்ய வேண்டியதை எல்லாம் செய்துவிட்டார், போவும் தனக்கு வேண்டிய ஓரிடத்தை விட்டுக்கொடுக்கவில்லை. இதில் யாரை யார் ஏமாற்றினார்கள்?

அநியாயம் பற்றித்தான் பேச வேண்டுமென்றால் இன்றைய விதியைக் கேளுங்கள். மோசமான முடிவுகளைக் கழிக்கும் வழக்கத்தைப் பிறகு எடுத்துவிட்டார்கள், இப்போது உலகக் கோப்பையின் எல்லா ஓட்டமும் கணக்கில் வரும். பிள்ளை பிறக்கிறது என்று நான்கு ஓட்டங்களை விடும் தகப்பனுக்கு நான்கு பூச்சியமும் அப்படியே நிற்கும். பெண்கள் பிரசவத்துக்காக முழு சீசனையே விடுகிறார்கள். அவர்களுக்கு நியாயமா என்று இங்கே ஒருவரும் கேட்டு நான் பார்க்கவில்லை.