மலையகத்துப் பீலித் தண்ணீரில் மீன் குட்டிகள் ஏன் தங்குவதில்லை?

கேள்வி: மஸ்கெலியாவில் வீட்டில் கப்பி மீனும் ஃபைட்டர் மீனும் வளர்க்கிறேன். கப்பி நிறையக் குட்டி போடுகிறது, ஆனால் இரண்டு மூன்று வாரத்தில் எல்லாம் செத்துவிடுகிறது. ஃபைட்டர் முட்டையைத் தானே தின்றுவிடுகிறது. மலை ஊற்றுத் தண்ணீர்தான் பாவிக்கிறேன், கண்ணாடி மாதிரி இருக்கும். இரண்டு நாளுக்கு ஒருமுறை பாதித் தண்ணீரை மாற்றுகிறேன். ஹீட்டரும் இருக்கிறது. என்ன பிழை?

பதில்:

நான் இருப்பது கொட்டகலையில். ஹட்டனுக்கும் தலவாக்கலைக்கும் நடுவில், கடல் மட்டத்திலிருந்து 1,200 மீற்றருக்கு மேலே. ஒன்பது வருடமாகக் கப்பி, பிளாட்டி, ஃபைட்டர் வளர்த்துக் குட்டி எடுக்கிறேன். முதல் இரண்டு வருடம் எனக்கும் இதேதான் நடந்தது, அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

எங்கள் லயத்துக்கு (தோட்டத்து வரிசை வீட்டுக்கு) பின்னாலுள்ள பீலியில், அதாவது மலைத் தண்ணீர் வடிந்து விழும் குழாயில், வருவதும் மேலே இருக்கும் ஊற்றுத் தண்ணீர்தான். குடித்தால் இனிக்கும். கொழும்பில் குழாய்த் தண்ணீரின் குளோரினோடு மல்லுக்கட்டுகிறவர்களைப் பார்த்து, நமக்கு அந்தத் தொல்லை இல்லை என்று நினைத்திருந்தேன். குட்டிகள் முதல் பத்து நாள் துள்ளித் திரியும். அப்புறம் ஒவ்வொன்றாகத் துடுப்பை ஒடுக்கிக்கொள்ளும். வால் ஒட்டிப்போய் ஊசி மாதிரி ஆகிவிடும். மேல்மட்டத்தில் ஒரு மூலையில், நின்ற இடத்திலேயே உடம்பை ஆட்டிக்கொண்டு நிற்கும். மறுநாள் அடியில் கிடக்கும். அழுக்குத்தான் காரணம் என்று எண்ணி ஃபில்டர் பஞ்சைப் பீலியில் வைத்து நன்றாக அலசினேன். சாவு கூடியது.

கடைசியில் ஹட்டனில் பிஎச் பார்க்கும் சொட்டு மருந்து வாங்கி வந்தேன். பிஎச் என்பது தண்ணீரின் புளிப்பைக் காட்டும் அளவு, எண் குறையக் குறையப் புளிப்பு கூடும். ஐந்து மில்லிலீற்றர் தொட்டித் தண்ணீருக்கு மூன்று சொட்டு. குழாயைக் குலுக்கியதும் எலுமிச்சம்பழ மஞ்சளாக வந்தது. அட்டையில் அதுதான் கடைசி நிறம், 6. அதற்குக் கீழே எவ்வளவு இறங்கியிருந்தாலும் அந்த அட்டை காட்டாது. உடனே ஏற்ற வேண்டும் என்ற பதற்றத்தில் அன்றிரவே ஒரு கரண்டி அப்பச்சோடாவைக் கரைத்து ஊற்றினேன். விடியும்போது அறுபதுக்கு மேற்பட்ட பிளாட்டிக் குட்டிகளும் மூன்று தாய் மீன்களும் செத்துக் கிடந்தன. வாய் திறந்தபடி, செவுள் சிவந்து. ஏன் அப்படி ஆனது என்று விளங்கிக்கொள்ளாமல் இனி ஒரு மீன் வாங்குவதில்லை என்று அன்றைக்குத் தீர்மானித்தேன்.

நடந்தது இதுதான். மீனின் கழிவிலிருந்தும் மிச்சத் தீனியிலிருந்தும் அமோனியா என்ற நஞ்சு உண்டாகிறது. ஃபில்டர் பஞ்சில் வாழும் ஒருவகை பக்டீரியா அதை நைட்ரைட்டாக்கும், இன்னொரு வகை நைட்ரேட்டாக்கும். இந்த வேலை நடக்கும்போது அமிலமும் சேர்ந்தே உண்டாகும். யாழ்ப்பாணத்துக் கிணற்றுத் தண்ணீர் சுண்ணாம்புக் கல்லில் ஊறி வருவது. அதிலிருக்கும் காபனேற்று அந்த அமிலத்தை அவ்வப்போது அடக்கிவிடும். நம் பக்கம் கருங்கல் மலை. தேயிலை செழிக்கும் மண்ணே புளிப்பு மண், பிஎச் 4.5 முதல் 5.5 வரை. அதன் வழியாக வடிந்து வரும் தண்ணீரில் காபனேற்று மிகக் குறைவு. அதனால் பிஎச் இறங்கிக்கொண்டே போகும். 6-க்குக் கீழே போனால் அந்த பக்டீரியாக்கள் வேலையைக் கிட்டத்தட்ட நிறுத்திவிடும், அமோனியா சேரும். ஆனால் புளிப்புத் தண்ணீரில் அது பெரும்பாலும் அமோனியம் என்ற, அவ்வளவாக நஞ்சில்லாத வடிவில் இருக்கும். மீனும் ஒருவாறு சமாளிக்கும். பிஎச் ஒரு புள்ளி ஏறினால் நஞ்சான பங்கு ஏறக்குறைய பத்து மடங்காகும். நான் ஒரே இரவில் அதை எத்தனையோ மடங்காக்கிவிட்டேன்.

அதன்பிறகு அப்பச்சோடாவைத் தொடவில்லை. கோழித் தீவனத்துக்கு விற்கும் சிப்பித் தூளை நன்றாகக் கழுவி, ஒரு கைப்பிடியைப் பழைய நைலான் துணியில் கட்டி, ஃபில்டரில் காற்றுக்குமிழ் ஓடும் பக்கத்தில் வைக்கிறேன். தண்ணீர் புளித்தால் சிப்பி கூடுதலாகக் கரையும், சமநிலைக்கு வந்ததும் கரைவது குறைந்துவிடும். நாம் அளந்து போட வேண்டியதில்லை. கப்பி, பிளாட்டி, மொலிக்குத் தேவையான கல்சியமும் அதிலேயே கிடைக்கிறது.

சரி, உங்கள் தொட்டிக்கு வருவோம். நீங்கள் பாதித் தண்ணீரை மாற்றிக்கொண்டே இருப்பதால் அமோனியா என் தொட்டி அளவுக்குச் சேர்ந்திருக்காது. தாதுப்பொருள் குறைவு உங்களுக்கும் இருக்கும், ஆனால் உங்கள் குட்டிகளைக் கொல்வது முதலில் குளிர்தான் என்று நினைக்கிறேன். ஜனவரி காலையில் பீலித் தண்ணீரில் வெப்பமானியை வைத்துப் பாருங்கள், எங்கள் பக்கம் 16 பாகைதான் காட்டும். ஹீட்டர் தொட்டியை 26-இல் வைத்திருக்கிறது. பாதியை எடுத்துவிட்டுப் பாதியை ஊற்றினால் சில நிமிடத்தில் 21. இரண்டு நாளுக்கு ஒருமுறை இந்த அதிர்ச்சியை ஒரு சென்ரிமீற்றர் குட்டி எத்தனை தடவை தாங்கும்? இப்படிக் குளிர்பட்டுச் சோர்ந்த மீனுக்கு வெள்ளைப் புள்ளி நோயும் எளிதில் வரும்.

நான் ஒரு நீல பரலில் (பீப்பாயில்) தண்ணீரை ஒரு நாள் முழுக்க ஏர் பம்ப் போட்டு வைப்பேன். ஊற்றுத் தண்ணீரில் கரைந்திருக்கும் காபனீரொட்சைட்டு வெளியேறி பிஎச் ஒரு நிலைக்கு வரும். மாற்றும்போது கேத்தல் சுடுதண்ணீரைக் கலந்து 26-க்குக் கொண்டுவந்து, மூன்று நாளுக்கு ஒருமுறை பத்தில் ஒரு பங்கு மட்டும் ஊற்றுவேன். தேயிலைக்கு உரம் போட்டிருக்கும் நாட்களில் மழை பெய்தால் பரலை நிரப்புவதில்லை. மலையிலிருந்து கழுவி வருவதில் யூரியாவும் இருக்கலாம். பஞ்சை அலசுவதென்றால், அதிலுள்ள பக்டீரியா போய்விடாதபடி தொட்டியிலிருந்து எடுத்த பழைய தண்ணீரிலேயே அலசுங்கள். புதுத் தொட்டியென்றால் அவசரப்பட வேண்டாம். ஃபில்டரில் அந்த பக்டீரியா பெருகிப் பழகுவதற்கு நான்கு முதல் ஆறு வாரம் என்பார்கள். ஹீட்டர் இல்லாத என் முதல் தொட்டியில் இரண்டு மாதத்துக்கு மேல் எடுத்தது.

கரண்ட் போவதையும் யோசித்து வையுங்கள். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணிநேரம் வெட்டினார்களே, அப்போது பாட்டியின் கம்பளியைத்தான் தொட்டிக்குப் போர்த்தினேன். சூடு ஓரளவு நின்றது. ஆனால் காற்றில்லாமல் பஞ்சிலிருந்த பக்டீரியா செத்து நாற்றமெடுத்தது. கரண்ட் வந்ததும் பம்ப் அந்த அழுகலை அப்படியே தொட்டிக்குள் தள்ளியது. நீண்ட வெட்டுக்குப் பிறகு பஞ்சை அலசிவிட்டுத்தான் இப்போது ஸ்விட்சைப் போடுகிறேன். தொட்டியின் பின்புறத்துக்கும் பக்கங்களுக்கும் மீன் பெட்டி ரெஜிஃபோமை (தெர்மகோலை) வெட்டி ஒட்டியிருக்கிறேன், ஹீட்டர் முன்னைவிடக் குறைவாகத்தான் எரிகிறது.

குட்டிக்கு அவித்த முட்டை மஞ்சள் கரு கொடுப்பதாக இருந்தால் நிறுத்துங்கள். ஒரு சிட்டிகை மிஞ்சினாலும் இரவுக்குள் தண்ணீர் கெட்டுவிடும். ஆர்டீமியா என்ற சிறு இறால் வகையின் முட்டையை உப்புத்தண்ணீரில் பொரிக்க வைத்துக் கொடுங்கள். நம் குளிரில் அது லேசில் பொரிக்காது. பொரிக்கும் போத்தலை ஹீட்டர் உள்ள தொட்டிக்குள்ளேயே மிதக்க விட்டால் ஒரு நாள், ஒன்றரை நாளில் பொரிந்துவிடும்.

ஃபைட்டர் விசயம் வேறு. ஆண் மீன் கீழே விழும் முட்டைகளை ஒவ்வொன்றாக வாயில் கவ்வி, நுரைக்கூட்டில் ஒட்டிவைப்பதைப் பார்த்திருப்பீர்கள். தண்ணீர் 24-க்குக் கீழே போனபோதெல்லாம் என் ஆண் மீன்கள் கூட்டைக் கைவிட்டு முட்டையைத் தின்றிருக்கின்றன. 27, 28-இல் வைத்து, முட்டையிட விட்டிருக்கும் பேசினின் வாயைப் பொலித்தீனால் மூடி, ஓரத்தில் விரல் அகலம் திறந்து விடுங்கள். குஞ்சுகள் மூன்று நான்கு வாரத்தில் மேலே வந்து காற்றைக் குடிக்கப் பழகும். அந்த நேரத்தில் மேலே குளிர்காற்றுப் பட்டால் கொத்தாகச் சாகும். ஒரு மாதம் கழியும்வரை அந்தப் பொலித்தீனை எடுக்காதீர்கள்.

இப்போது உயிரோடிருக்கும் கப்பிக் குட்டிகளுக்கு இன்றிரவு தண்ணீர் மாற்ற வேண்டாம். தீனியைப் பாதியாக்குங்கள். நாளைக்கு ஒரு வாளித் தண்ணீரைத் தொட்டியைவிட உயரத்தில் வைத்து, மறுநாள் காலையில் அதன் சூட்டையும் தொட்டியின் சூட்டையும் அளந்து, இரண்டும் ஒன்றாகும்வரை சுடுதண்ணீர் கலந்து, பத்தில் ஒரு பங்கை மட்டும் மெல்லிய குழாயால் ஒழுகவிடுங்கள். சிப்பிப் பையை ஒரு வாரம் கழித்துப் போடுங்கள், முதலில் அரைக் கைப்பிடி.