விடியுமுன் வரும் விழிப்பு: உங்கள் கேள்விகள்

தூக்கம் பற்றி வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே குறைதான்: படுத்ததும் தூங்கிவிடுகிறோம், விடியுமுன் விழித்துக்கொள்கிறோம். மனநல மருத்துவராக நான் அடிக்கடி கேட்கும் குறையும் இதுதான்.

பத்து மணிக்குப் படுத்தால் உடனே தூக்கம் வருகிறது டாக்டர். மூன்று மணிக்கு அலாரம் வைத்ததுபோல் விழிப்பு. போனில் மணி பார்ப்பேன். ஐந்து வரை புரண்டுவிட்டு, ஆறு வரை கண் அசருவேன். வயது 47.

விழிப்பு வருவதில் தவறில்லை. தூக்கம் சுமார் 90 நிமிடச் சுற்றுகளாக ஓடுகிறது. ஆழ்ந்த தூக்கத்தின் பெரும்பகுதி முன்னிரவிலேயே முடிந்துவிடும். பின்னிரவில் கனவும் லேசான தூக்கமும்தான் அதிகம். உடம்பை விழிப்புக்குத் தயார்செய்யும் கார்ட்டிசால் என்ற ஹார்மோனின் சுரப்பும் ஏறத் தொடங்கும். அந்த நேரத்தில் யாருக்கும் தூக்கம் லேசாகக் கலையும், பலருக்கு அது காலையில் நினைவே இருக்காது. உங்களுக்குச் சிக்கல், மணி பார்ப்பதில் தொடங்குகிறது. 'இன்னும் மூன்று மணி நேரம்தான் இருக்கிறது' என்று கணக்கு ஓட ஆரம்பித்தால் தூக்கம் போச்சு. போனைக் கூடத்தில் வையுங்கள். சுவர்க் கடிகாரம் கண்ணில் படவேண்டாம். இருபது நிமிடம் போலத் தோன்றியும் தூக்கம் வரவில்லையென்றால் எழுந்துவிடுங்கள். மங்கிய வெளிச்சத்தில் உட்கார்ந்திருந்து, கண் செருகும்போது மட்டும் படுக்கைக்குத் திரும்புங்கள்.

இன்னொன்று, இதுதான் முக்கியம். நீங்கள் எட்டு மணி நேரம் படுத்து ஆறு மணி நேரம் தூங்குகிறீர்கள். இரண்டு வாரத்துக்கு இரவு 12 மணிக்குப் படுத்து 6 மணிக்கு எழுங்கள், ஞாயிற்றுக்கிழமை உட்பட. பகல் தூக்கம் கூடாது. முதல் வாரம் கண் எரியும், எரிச்சல் வரும். அதைத் தாண்டினால் சிதறிக் கிடந்த தூக்கம் ஒன்றுசேரும். அப்புறம் படுக்கும் நேரத்தை வாரம் 15 நிமிடமாக முன்னே கொண்டுவரலாம். தூக்க ஆய்வாளர் ஆர்தர் ஸ்பீல்மன் 1987-இல் விவரித்த முறை இது. நான் மாத்திரைக்கு முன் இதைத்தான் சொல்வேன். வலிப்பு நோய், இருமுனைக் கோளாறு உள்ளவர்களும், லாரி, பஸ் ஓட்டுபவர்களும் தாமாகச் செய்யவேண்டாம்.

எழுந்து போகச் சொல்கிறீர்கள். எங்கள் வீடு ஒரே அறை, பிள்ளைகள் பக்கத்தில் படுத்திருப்பார்கள். எங்கே போவது?

நியாயமான கேள்வி அம்மா. பாயை விட்டு இறங்கினால் போதும். அடுப்படிப் பக்கம் சுவரில் சாய்ந்து உட்காருங்கள், விளக்கு வேண்டாம். பாய் என்றால் தூக்கம் என்று மட்டும் உடம்புக்குப் பழகவேண்டும், அவ்வளவுதான்.

அப்பாவுக்கு 72. எட்டு மணிக்கே படுத்து மூன்றரைக்கு எழுந்து நடமாடுகிறார். தூக்கமே இல்லை என்று புலம்பல்.

ஏழரை மணி நேரம் தூங்கியிருக்கிறாரே! வயதானால் உடம்பின் கடிகாரம் முன்னால் நகரும். மாலை ஐந்து மணிக்கு மேல் வெளிச்சத்தில் நடக்கவிடுங்கள், இருட்டியதும் வீட்டில் நல்ல விளக்கு எரியட்டும், படுப்பதை மெல்லப் பத்து மணிக்குத் தள்ளுங்கள். மதியத் தூக்கம் அரை மணி நேரம் போதும்.

சிறுநீருக்காக மூன்று முறை எழுகிறேன்.

சர்க்கரையைப் பாருங்கள். ஆண் என்றால் புராஸ்டேட்டையும். நீர் பிரியும் பிரஷர் மாத்திரையை இரவில் போடுகிறீர்களா? காலைக்கு மாற்றலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். குறட்டையும் பகல் அசதியும் இருந்தால் தூக்கத்தில் மூச்சு தடைபடும் நோய் இருக்கலாம், அதையும் சொல்லுங்கள்.

ஒரு பெக் போட்டால் நன்றாகத் தூக்கம் வருகிறது, ஆனால் இரண்டரைக்கு முழிப்பு.

அந்த முழிப்பைக் கொடுப்பதே அந்த பெக்தான். போதை இறங்கும்போது தூக்கம் உடைகிறது. அதை நிறுத்துங்கள். தினமும் அதிகம் குடிப்பவர் என்றால் மட்டும், தாமாக நிறுத்தாமல் டாக்டரைக் கேட்டு நிறுத்துங்கள்.

நான்கு மணிக்கு நெஞ்சு கனத்து விழிக்கிறேன். இரண்டு மாதமாகச் சாப்பாடு, கோவில், பேரப்பிள்ளை எதிலும் மனம் ஒட்டவில்லை. மாலையானால் கொஞ்சம் தேவலை.

அம்மா, மேலே சொன்ன எதையும் நீங்கள் முயன்று காலம் கடத்தவேண்டாம். விடியலில் கனமும் மாலையில் சற்று லேசும் மனச்சோர்வு நோயில் நாங்கள் அடிக்கடி பார்ப்பது. இது மனபலக் குறைவு இல்லை, சிகிச்சைக்குக் கேட்கும் நோய். இந்த வாரமே அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்கு மகனையோ மகளையோ கூட்டிக்கொண்டு போங்கள். 'இருந்து என்ன பயன்' என்ற எண்ணம் ஒருமுறை வந்தாலும், எந்த நேரமானாலும் 14416-க்குப் பேசுங்கள். அரசின் மனநலத் தொலைபேசி உதவியான டெலி மானஸ் அது, கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம்.