கழுத்துக் கட்டி: தைராய்டை முழுசாக எடுக்கத்தான் வேண்டுமா?

கேள்வி: கோத்தகிரி பக்கத்திலிருந்து எழுதுகிறேன். அம்மாவுக்கு வயது 56. எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கும் வேலை. கழுத்தில் வலது பக்கம் இரண்டு வருஷமாக ஒரு கட்டி இருக்கிறது, வலி கிடையாது. சமீபத்தில் ஸ்கேன் எடுத்ததில் 2.6 செ.மீ., டிராட்ஸ் 4 (ஸ்கேனை வைத்துச் சந்தேகத்தை அளக்கும் எண்) என்று வந்தது. ஊசி குத்தி எடுத்த பரிசோதனையில் பெதஸ்டா 3. ரத்தத்தில் டி.எஸ்.எச். 6.1. கோயம்புத்தூரில் பார்த்த டாக்டர் தைராய்டை முழுசாக எடுத்துவிடலாம் என்கிறார். ஜப்பானில் தைராய்டு புற்றுநோய்க்கே ஆபரேஷன் செய்வதில்லை என்று மாமா ஒரு வீடியோ அனுப்பியிருக்கிறார். குரல் போய்விடும் என்று அம்மா பயப்படுகிறார். முட்டைகோஸ் சாப்பிட்டுத்தான் வந்தது என்று ஊரில் சொல்கிறார்கள். நாங்கள் என்ன செய்வது?

பதில்: தம்பி, நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால், இந்த வாரமே ஓடிப்போய் ஆபரேஷன் செய்ய வேண்டிய நிலை அம்மாவுக்கு இல்லை. அதற்காக வீடியோவை நம்பிக் கட்டியை மறந்துவிடவும் கூடாது. கையில் இருக்கும் ரிப்போர்ட்டில் ஒரு கேள்விக்கு இன்னும் விடை வரவில்லை. அதை முதலில் முடித்துக்கொள்ளுங்கள்.

அந்தக் கேள்வி பெதஸ்டா 3 பற்றியது. ஊசியில் வந்த செல்களை மைக்ராஸ்கோப்பில் பார்க்கும் மருத்துவர் ஆறு வகைகளில் ஒன்றைச் சொல்வார். 2 என்றால் சாதாரணக் கட்டி. 6 என்றால் அநேகமாக உறுதியாகப் புற்றுநோய். 3 என்பது இரண்டுக்கும் இடையில் மாட்டிக்கொண்டது. செல்கள் கொஞ்சம் மாறித் தெரிகின்றன, ஆனால் புற்றுநோய் என்று சொல்லும் அளவுக்கு இல்லை. இந்த வகைப்பாட்டின் 2023 பதிப்பு, மூன்றாம் வகையில் புற்றுநோய் இருக்கும் வாய்ப்பைச் சராசரியாக 22 சதவீதம் என்கிறது. இடத்துக்கு இடம் 13 முதல் 30 வரை மாறும். இந்தக் கணக்கு பெரும்பாலும் ஆபரேஷன் செய்துகொண்டவர்களை வைத்துப் போட்டது. சந்தேகம் அதிகமாக இருந்தவர்களே ஆபரேஷனுக்குப் போயிருப்பார்கள் என்பதால், மொத்தமாகப் பார்த்தால் உண்மையான வாய்ப்பு இதைவிடக் குறைவாகவும் இருக்கலாம். எப்படிப் பார்த்தாலும் இந்த வகையில் வரும் நூறு பேரில் பெரும்பாலோருக்குப் புற்றுநோய் இல்லை.

அதனால் பெதஸ்டா 3 வந்தால் வழக்கமான அடுத்த படி, ஊசிப் பரிசோதனையை இன்னொரு முறை செய்வது. ஸ்கேன் பார்த்துக்கொண்டே, கட்டியின் சரியான இடத்தில் ஊசி போக வேண்டும். இரண்டாவது முறையில் பலருக்குச் சாதாரணக் கட்டி என்றே முடிவு வந்துவிடுகிறது. ஊசி குத்தினால் புற்று பரவிவிடும் என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். இது ரத்தம் எடுக்கும் ஊசியைப் போல, சில சமயம் அதைவிட மெல்லிய ஊசி. முதல் பரிசோதனையின் கண்ணாடி ஸ்லைடுகளையும் ஆய்வகத்தில் கேட்டு வாங்கலாம். அவற்றைத் தைராய்டு செல்களை அதிகம் பார்க்கும் வேறொரு மருத்துவரிடம் காட்டினால், குத்தாமலே இரண்டாவது கருத்து கிடைக்கும். வெறும் ரிப்போர்ட் தாளை மட்டும் கொண்டுபோனால் அது நடக்காது. மறுபடியும் 3 என்றே வந்தால், கட்டி இருக்கும் வலது பாதியை மட்டும் எடுத்துப் பரிசோதிப்பது நியாயமான முடிவு. மரபணுப் பரிசோதனை என்று ஒன்று உண்டு. செலவு அதிகம் என்பதால் எல்லோருக்கும் நான் அதைச் சொல்வதில்லை.

இனி முழுசா, பாதியா என்ற கேள்வி. அமெரிக்கத் தைராய்டு சங்கத்தின் 2015 வழிகாட்டுதல் இதில் பெரிய திருப்பம். அதற்கு முன்பெல்லாம் ஒரு செ.மீ.க்கு மேல் புற்றுநோய் என்றால் முழுத் தைராய்டையும் எடுப்பதே வழக்கம். 1 முதல் 4 செ.மீ. வரை, சுரப்பிக்குள்ளேயே அடங்கியிருக்கும், நெறிகட்டிகளுக்குப் பரவாத புற்றுநோய்க்குப் பாதியை எடுப்பதே போதுமானதாக இருக்கலாம் என்று அந்த வழிகாட்டுதல் சொன்னது. அம்மாவுக்கு ஒருவேளை பாதியை எடுத்தபின் புற்றுநோய் என்று தெரிந்தாலும், பெரும்பாலான சமயம் மறுபடி மேசையில் ஏற வேண்டியிருக்காது.

அப்படியிருக்க அந்த டாக்டர் ஏன் முழுசாக என்றார்? நல்ல காரணம் இருக்கலாம். இடது பக்கமும் கட்டிகள் இருக்கலாம், கழுத்தில் நெறிகட்டி தெரிந்திருக்கலாம். குடும்பத்தில் தைராய்டு புற்றுநோய் இருந்தாலோ, சின்ன வயதில் கழுத்துக்குக் கதிர்வீச்சு கொடுத்திருந்தாலோ கணக்கு மாறும். நேரிலேயே கேளுங்கள்: “டாக்டர், ஏன் முழுசாக? வலது பாதியை மட்டும் எடுத்தால் என்ன குறை?” இப்படிக் கேட்பது மரியாதைக் குறைவில்லை. நல்ல மருத்துவர் ஸ்கேனைக் கையில் எடுத்துக் காட்டியே பதில் சொல்வார்.

இன்னொரு காரணத்தையும் நான் அடிக்கடி கேட்கிறேன். மலையிலிருந்து வருகிறவர்கள் திரும்பத் திரும்ப வரமாட்டார்கள், ஒரே தடவையில் முடித்துவிடுவோம் என்பது. அக்கறையில்தான் சொல்கிறார்கள். ஆனால் இதை நான் ஏற்கவில்லை. முழுத் தைராய்டையும் எடுத்தால் ஆயுளுக்கும் தினமும் மாத்திரை உண்டு. அளவு சரியாகும் வரை ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒரு முறை ரத்தப் பரிசோதனை. ரத்தத்தில் கால்சியத்தைக் காக்கும் நான்கு பாராதைராய்டு சுரப்பிகளும் தைராய்டின் முதுகில் ஒட்டியே இருப்பதால், அவை அடிபட்டால் கால்சியம் மாத்திரையும் சேரும். மாத்திரை தீர்ந்து மழையில் பாதை அடைபட்டால் அது வேறு சங்கடம். பாதியை எடுத்தவர்களில் சுமார் ஐந்தில் ஒருவருக்கே பிறகு தைராய்டு மாத்திரை தேவைப்படுகிறது. அம்மாவின் டி.எஸ்.எச். (தைராய்டு சுரப்பு குறைந்தால் ஏறும் ஹார்மோன்) இப்போதே சற்று ஏறியிருப்பதால் அவருக்கு அந்த வாய்ப்பு இன்னும் கூடுதல், அதை மறைக்கவில்லை. அப்போதும் மீதிப் பாதி சுரந்துகொண்டிருக்கும், இடது பக்கப் பாராதைராய்டுகளைக் கத்தி தொடாது. போக்குவரத்து கஷ்டமான ஊரில் இருப்பவருக்குப் பாதி ஆபரேஷனே நிம்மதி.

மாமாவின் வீடியோ முழுப் பொய் இல்லை. ஜப்பானில் கோபே நகரத்துக் குமா மருத்துவமனையில் அகிரா மியாவுச்சி என்ற அறுவை மருத்துவரின் யோசனைப்படி 1993 முதல் சின்னத் தைராய்டு புற்றுநோய்களை ஆபரேஷன் இல்லாமல் கண்காணித்து வருகிறார்கள். 1,235 பேரைப் பார்த்து 2014-ல் முடிவை வெளியிட்டார்கள். பத்து வருஷத்தில் கட்டி 3 மி.மீ. அளவாவது வளர்ந்தது 8 சதவீதம் பேருக்கு. நெறிகட்டிக்குப் பரவியது 3.8 சதவீதம் பேருக்கு. அந்தப் புற்றுநோயால் ஒருவரும் இறக்கவில்லை. வயது கூடக்கூட வளரும் வாய்ப்பும் குறைந்தது. மிக அருமையான ஆய்வு, எனக்கு அதன்மேல் மிகுந்த மதிப்பு உண்டு. ஆனால் அதில் சேர்ந்தவர்களின் கட்டி ஒரு செ.மீ. அல்லது அதற்கும் கீழே. ஆண்டுதோறும் தவறாமல் ஸ்கேனுக்கு வந்தவர்கள். அம்மாவின் கட்டி 2.6 செ.மீ. அந்த முடிவை இவருக்குப் பொருத்த முடியாது. எந்த ஆய்வைக் கேள்விப்பட்டாலும் அது யாரை வைத்துச் செய்தது, அவர்கள் வயது என்ன, கட்டியின் அளவு என்ன என்று பாருங்கள். அம்மா அந்தக் கூட்டத்தில் இருந்தால் மட்டுமே அந்த முடிவு அம்மாவுக்கு.

தேவையில்லாத ஆபரேஷன் நிஜமாகவே நடக்கிறது என்பதற்குத் தென்கொரியா சாட்சி. அங்கே ஆரோக்கியமாக இருந்தவர்களுக்கும் கழுத்து ஸ்கேன் எடுக்கத் தொடங்கினார்கள். 1993-லிருந்து 2011-க்குள் தைராய்டு புற்றுநோய் கண்டுபிடிப்பு 15 மடங்கு ஏறியது, அதனால் ஏற்படும் மரணமோ அப்படியே நின்றது. ஆபரேஷன் ஆனவர்களில் 11 சதவீதம் பேருக்குப் பாராதைராய்டு குறைபாடும் 2 சதவீதம் பேருக்குக் குரல்நாண் செயலிழப்பும் வந்தன. உங்கள் வீட்டில் மற்றவர்களும் பயத்தில் கழுத்து ஸ்கேன் எடுக்கக் கிளம்ப வேண்டாம் என்று இதனால்தான் சொல்கிறேன். தொட்டால் கட்டி தெரிந்தால் வாருங்கள்.

பின்னால், மிச்சமிருக்கும் தைராய்டு செல்களை அழிக்கும் கதிர்வீச்சு அயோடின் கொடுக்க வசதியாக முழுசாக எடுப்போம் என்று யாராவது சொன்னால், அதற்கும் இப்போது பதில் இருக்கிறது. பிரான்சில் முழுத் தைராய்டும் எடுத்த, ஆபத்து குறைந்த 776 புற்றுநோயாளிகளில் பாதிப் பேருக்கு அந்த அயோடினைக் கொடுத்தும் பாதிப் பேருக்குக் கொடுக்காமலும் பார்த்தார்கள். முடிவு 2022-ல் வந்தது: மூன்று வருஷம் கழித்துச் சிக்கலில்லாமல் இருந்தவர்கள் கொடுத்த பக்கம் 95.9 சதவீதம், கொடுக்காத பக்கம் 95.6 சதவீதம்.

டி.எஸ்.எச். 6.1-க்கு உடனே மாத்திரை வேண்டாம். இரண்டு மூன்று மாதம் கழித்து மறுபடி பாருங்கள், கூடவே ஃப்ரீ டி4 (தைராய்டு சுரக்கும் ஹார்மோனின் அளவு), ஆன்ட்டி டி.பி.ஓ. (உடம்பே தைராய்டைத் தாக்குகிறதா என்று காட்டுவது) இரண்டும் பார்க்கட்டும். லேசாக ஏறிய டி.எஸ்.எச். பலருக்குத் தானே இறங்கும். 65 வயது தாண்டிய 737 பேரிடம் நடந்த ஐரோப்பிய ஆய்வு 2017-ல் வந்தது. லேசான ஏற்றத்துக்கு மாத்திரை கொடுத்ததால் அசதியும் குறையவில்லை, வேறு பலனும் தெரியவில்லை. அம்மாவுக்கு 56 என்பதால் அதை அப்படியே எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் 2019-ல் வந்த சர்வதேச வழிகாட்டுதல் ஒன்று, கர்ப்பம், இளவயது, கடுமையான அறிகுறி போன்றவற்றைத் தவிர்த்து மற்றப் பெரியவர்களுக்கும் இதையே சொன்னது. குளிர் தாங்கவில்லை என்பது தைராய்டு குறைவின் அறிகுறிதான். நீலகிரியில் உறைபனிக் காலத்தில் அதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. மலச்சிக்கல், முகவீக்கம், குரல் தடிப்பது, காரணமில்லாமல் எடை ஏறுவது ஆகியவற்றைக் கவனியுங்கள். முடி கொட்டுகிறது என்று பயோட்டின் மாத்திரை சாப்பிட்டால் ரத்தம் கொடுப்பதற்கு இரண்டு நாள் முன்பே நிறுத்த வேண்டும், அது பரிசோதனை எண்ணைத் திரித்துவிடும்.

பின்னாளில் மாத்திரை தேவைப்பட்டால் ஒரு விஷயம். காலையில் எழுந்ததும் பிளேன் டீ, பிறகு மாத்திரை, பிறகு வேலைக்கு ஓட்டம் என்றால் மாத்திரை சரியாக உடம்பில் சேராது. தண்ணீரில் விழுங்கி, குறைந்தது அரைமணி, முடிந்தால் ஒரு மணி நேரம் கழித்தே டீ. அது முடியாதவர்கள் ராத்திரி சாப்பிட்டு மூன்று மணி நேரம் கழித்துப் படுக்கும்போது போட்டுக்கொள்ளலாம். நெதர்லாந்தில் 2010-ல் வெளியான ஆய்வில் ராத்திரி போட்டவர்களுக்கு அளவு இன்னும் நன்றாகவே அமைந்தது. இரும்பு, கால்சியம் மாத்திரைகளுக்கு நான்கு மணி நேர இடைவெளி வேண்டும்.

குரல் பற்றிய பயம் நியாயமானது. சரிவின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் கூப்பிட்டுப் பேசியே வேலை செய்கிறவருக்குக் குரல் சின்ன விஷயம் இல்லை. குரல்நாணுக்குப் போகும் நரம்பு தைராய்டை உரசிக்கொண்டே போகிறது. சில வாரம் குரல் கரகரப்பது பலருக்கு உண்டு. நிரந்தரமாகக் கெடுவது தேர்ந்த கையில் நூற்றுக்கு ஒருவர் அளவில்தான். தேர்ந்த கை எது என்பதற்கும் ஆய்வு இருக்கிறது: அமெரிக்காவில் 2017-ல் வந்த கணக்கில், வருஷத்துக்கு 25-க்கு மேல் முழுத் தைராய்டு ஆபரேஷன் செய்கிறவர்களிடம் சிக்கல்கள் குறைந்திருந்தன. “வருஷத்துக்கு எத்தனை தைராய்டு ஆபரேஷன் செய்கிறீர்கள், ஆபரேஷனுக்கு முன் குரல்நாணைப் பார்ப்பீர்களா” என்று கேட்டுவிடுங்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால், நாள் குறிக்கும் முன்பே மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் விசாரித்துக்கொள்ளுங்கள்.

ஆபரேஷன் என்று முடிவானால் தேதியை யோசித்து வாங்குங்கள். 2009 நவம்பர் மண்சரிவை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அவசரமில்லாத ஆபரேஷனை வடகிழக்குப் பருவமழையில் வைத்துக்கொள்ள வேண்டாம். முதல் 24 மணி நேரம் கழுத்துக்குள் ரத்தம் கட்டும் ஆபத்து உண்டு: கழுத்து வீங்கினால், மூச்சு இறுகினால் நொடியும் தாமதிக்காமல் நர்ஸைக் கூப்பிட வேண்டும். முழுசாக எடுத்தால் கால்சியம் அதிகம் இறங்குவது இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள். வாயைச் சுற்றியும் விரல் நுனியிலும் மதமதப்பு, பிறகு கை இழுப்பு. டிஸ்சார்ஜ் ஆன அன்றே மலை ஏறினால் இது நடுவழியில் வரலாம். அதனால் அந்த நாட்களில் கோயம்புத்தூரிலோ மேட்டுப்பாளையத்திலோ சொந்தக்காரர் வீட்டில் தங்கி, கால்சியம் பார்த்துவிட்டு ஏறுங்கள். பாதி ஆபரேஷனுக்கு இந்தக் கவலை மிகக் குறைவு.

கோஸ், காலிஃப்ளவர், நூல்கோல், டர்னிப் எல்லாம் அம்மா சாப்பிடலாம். வேகவைத்து வழக்கமான அளவில் சாப்பிட்டால், உடம்பில் அயோடின் போதுமாக இருப்பவருக்குத் தைராய்டு வீங்காது. கேட்க வேண்டியது உப்பைத்தான். ஓயாத மழை மலைமண்ணின் அயோடினைக் கழுவிவிடுகிறது. உலகெங்கும் மலைநாடுகளில் முன்கழுத்துக் கழலை அதிகம் இருந்ததற்குக் காரணம் அதுவே. 2018-19 தேசிய அயோடின் கணக்கெடுப்பில், போதிய அயோடின் உள்ள உப்பைப் பயன்படுத்தும் வீடுகள் தமிழ்நாட்டில் 61.9 சதவீதம்தான், மாநிலங்களிலேயே கடைசி. சந்தையில் அளந்து கொடுக்கும் கல் உப்பில் பெரும்பாலும் அயோடின் இருக்காது. பாக்கெட்டில் அயோடின் சேர்த்தது என்று போட்ட உப்பை வாங்கி, மூடி போட்ட டப்பாவில் அடுப்புக்குத் தள்ளி வையுங்கள். இருக்கிற கட்டி இதனால் கரையாது; வீட்டில் பிள்ளைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் இது தேவை.

கட்டி சில வாரங்களுக்குள் மளமளவென்று பெருத்தாலோ, காரணமில்லாமல் குரல் மாறினாலோ, சாப்பாடு இறங்கவில்லை, படுத்தால் மூச்சு முட்டுகிறது என்றாலோ மேலே சொன்ன பொறுமை எதுவும் வேண்டாம், உடனே கீழே இறங்குங்கள். அப்படி எதுவும் இல்லையென்றால் மறு ஊசிக்கு நாள் வாங்குங்கள். பாதி ஆபரேஷன் நடந்தால் இரண்டு வாரத்தில் வீட்டு வேலை செய்யலாம். கொழுந்து மூட்டை தூக்குவதை மட்டும் ஒரு மாதம் தள்ளிப்போட வேண்டும். தோட்ட ஆஸ்பத்திரியில் கொடுக்க விடுப்புச் சான்றை டிஸ்சார்ஜ் அன்றே டாக்டரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.